இடக்கையாளருக்கு ஒரு கிற்றார்



மிருதங்கத்துக்கு இரண்டு முகங்கள். ஒன்றை வலந்தலை என்றும் மற்றதை இடந்தலை என்றும் நம் முன்னோர் வழங்கினர். கரணை இட்ட முகம் வலக்கைக்கும், தொப்பி எனப்படும் முகம் இடக்கைக்கும் உரியன. வாசிப்பவர் சோற்றுக்கைப் பழக்கம் உடையவராகவே இருப்பார் என்னும் முடிவு, கருவிக்குப் பெயரிட்ட நாளிலேயே செய்யப்பட்டு விட்டது போலும்.

இந்த முடிவுக்குள் அடங்காத பெருங்கலைஞர் ஒருவர் இருந்தார். 1908ஆம் ஆண்டு பிறந்து 1962ஆம் ஆண்டு மறைந்த பழநி சுப்பிரமணிய பிள்ளை அவர்களே அவர். பிள்ளையவர்கள் இடக்கையால் வலந்தலையை வாசித்தவர். கச்சேரி மேடையிலே பாடகருக்கு வலப்புறம் மிருதங்கக்காரர் அமர்வது வழக்கம். அப்படி அமர்ந்தால்தான் வலந்தலை சபையை நோக்கி நிற்கும். நாதம் சபைக்குச் சேரும். இடக்கைக்காரர் அதே இடத்தில் அமர்ந்தால் வலந்தலை சபைக்குப் புறங்காட்டி நிற்கும். ஆகவே பிள்ளையவர்கள் பாடகரின் இடப்புறத்தில் அமர வேண்டியிருந்தது. அந்த இடமோ வயலின் வித்துவானுக்கு உரியது. இடம் மாறி அமர வயலின் வித்துவான்கள் சிலர் இசையவில்லை. வாசிப்பிலே குறை எதுவும் இல்லாதிருந்தும், அமரும் இடம் காரணமாகவே அவருக்கு வாய்ப்புகள் தவறின. செம்பை வைத்தியநாத பாகவதர் அவரை ஆதரித்துத் தம் கச்சேரிகளில் வாசிக்கச் செய்தார். அதன் பின்னரே அவருடைய பெருமையை உலகம் முழுமையாக அறிந்தது.

மிருதங்கத்திலாவது கருவியைத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். மாற வேண்டியது இருக்கை ஒன்றே. கிற்றாரில் அதுவும் இயலாது. வன்னிப் பெருநிலத்திலே, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும், இன்று கிற்றார் கற்க விரும்பும் இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளை ஒன்று எதிர்கொள்ளும் சிக்கல் இதுவே.

வன்னிக்கு மின் கிற்றார் பிந்தி வந்த விருந்தாளி. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலானோரின் பொப் பாடல்களை இலங்கை வானொலி ஒலிபரப்பிய காலத்திலே அவ்வோசை வன்னி மக்களின் செவியில் விழுந்தது உண்மையே. ஆனால் அதன் பின் வந்த போர்க்காலத்தில் மின்சாரமே இல்லாத ஊர்கள் எத்தனையோ. தொண்ணூறுகளில் பற்றறிகளுக்குத் தடை இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி கேட்ட தலைமுறை இன்றும் அங்கே வாழ்கின்றது. செய்தி கேட்பதற்கே சில்லுச் சுற்றிய வீட்டில் மின் கிற்றாருக்கு இடம் ஏது? 2009ஆம் ஆண்டு போர் முடிந்து, மின்கம்பிகள் ஊர்களுக்குள் வந்து, 2013ஆம் ஆண்டு கிளிநொச்சி வரையும் அடுத்த ஆண்டு யாழ்ப்பாணம் வரையும் ரயில் மீண்டும் ஓடத் தொடங்கிய பின்னரே நிலைமை மாறிற்று. தேவாலயப் பாடகர் குழுக்களிலும் திருவிழா இசைக்குழுக்களிலும் இளைஞர் கையிற் கிற்றாரைக் காண்பது இன்று புதுமையன்று. பாடசாலைகளில் கர்நாடக சங்கீதமே பெரும்பான்மையாயினும், மேலைத்தேய இசையை நாடும் பிள்ளைகளும் உளர்.

மாந்தருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உடையவர். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பிலே மூவரோ நால்வரோ இருப்பர் என எதிர்பார்க்கலாம். ஏடு தொடக்கும்போதே அரிசித் தட்டில் வலக்கையைப் பிடித்து எழுதுவிக்கும் நாட்டில், அவர்களுட் சிலர் தம்மை வெளிக்காட்டாமலே வளர்ந்துவிடுகின்றனர். சோறு வலக்கையால், எழுத்து வலக்கையால். பந்தெறிவது மட்டும் இடக்கையால். அத்தகைய பிள்ளை ஒரு நாள் கிற்றாரைக் கையில் எடுக்கும்போது அதைத் தானாகவே மறுபுறமாகப் பிடிக்கின்றது. “தம்பி, பிழையாகப் பிடிக்கிறாய்” என்கிறார் ஆசிரியர். பிள்ளை பிடித்ததில் பிழை ஒன்றும் இல்லை. அக்கருவி வேறு கைக்குச் செய்யப்பட்டது.

ஏன் அதனைத் திருப்பிப் பிடிக்க இயலாது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். சாதாரண கிற்றாரில் ஆறு தந்திகள். தடித்த தந்தி மேலே, மெல்லிய தந்தி கீழே. வலக்கை தந்திகளை மீட்டுகின்றது. இடக்கை விரல்கள் கழுத்தின்மேல் மெட்டுகளுக்கிடையே தந்திகளை அழுத்துகின்றன. கிற்றாரைத் திருப்பினால் தந்திகளின் வரிசையும் தலைகீழாகும். தந்திகளைக் கழற்றி வரிசை மாற்றிக் கட்டினால் என்ன என்று கேட்கலாம். கட்டலாம். ஆனால் கழுத்தின் தலைப்பிலே தந்திகள் வந்து தங்குவதற்குப் பள்ளங்கள் வெட்டிய சிறு துண்டு ஒன்று உண்டு, நட் என்பர். தடித்த தந்தியின் பள்ளம் அகலமானது. மெல்லியதன் பள்ளம் ஒடுக்கமானது. வரிசை மாறினால் தடித்த தந்தி பள்ளத்துள் இறங்காது. மெல்லியதோ பள்ளத்தில் ஆடி நிற்கும். எனவே அத்துண்டையும் மாற்ற வேண்டும். அடுத்தது குதிரை. தடித்த தந்திக்குச் சற்றே கூடிய நீளம் கொடுத்தால்தான் மேல் மெட்டுகளிலும் சுருதி சேரும். மரக் கிற்றாரில் இதற்காகவே குதிரையின்மீதுள்ள எலும்புத் துண்டு சாய்வாகப் பதிக்கப்பட்டிருக்கும்; சாய்வை மாற்றுவது எளிதன்று. அன்றியும், மரக் கிற்றாரின் பலகைக்கு உட்புறம் ஒட்டப்பட்ட மரச்சட்டங்களும் இருபுறமும் ஒத்தவையல்ல. மின் கிற்றாரில் பெரும்பாலும் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனிச் சிறு குதிரை இருப்பதால் திருகாணியை முறுக்கிச் சரிசெய்துகொள்ளலாம். இந்த வகையில் மின் கிற்றார் இடக்கைக்காரருக்குச் சற்றே இரங்கும் கருவி.

இவ்வாறு திருப்பிய கிற்றாரைக் கொண்டு உலகத்தையே வியக்க வைத்தவர் அமெரிக்கரான ஜிமி ஹென்றிக்ஸ். 1942ஆம் ஆண்டு பிறந்த அவர் 1970ஆம் ஆண்டு, இருபத்தேழு வயதிலேயே மறைந்தார். பென்டர் நிறுவனம் 1954ஆம் ஆண்டு வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் வலக்கைக் கிற்றாரை அவர் தலைகீழாகத் திருப்பி, தந்திகளை மாற்றிக் கட்டி வாசித்தார். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள் கைக்கு மேலே வந்தன. வார் மாட்டும் முளையையும் இடம் மாற்ற வேண்டியதாயிற்று. அவர் புகழ் பெற்ற பின்னர், வசதிக்குறைவாக அமைந்த அந்தத் தோற்றமே அழகென்று போற்றப்பட்டது!

தந்திகளைக் கூட மாற்றாமல் அப்படியே திருப்பி வாசித்தவர்களும் உளர். புளூஸ் இசைக் கலைஞர் அல்பேட் கிங் ஒருவர். எலிசபெத் கொட்டன் என்னும் அம்மையார் மற்றொருவர். அவர் விரல்களாற் கீழ்ச்சுருதியையும் கட்டைவிரலால் மெட்டையும் வாசித்தார். மற்றவர்கள் செய்வதற்கு நேர் எதிர். இவர்களுடைய வழி பெருமைக்குரியதாயினும் பிள்ளைகளுக்கு உகந்த வழி என்று கூறுவதற்கில்லை. எந்தப் பாடநூலும் அதற்கு உதவாது. எந்த ஆசிரியரும் விரல் வைத்துக் காட்ட இயலாது.

பேஸ் கிற்றாருக்கு வருவோம். நான்கு தடித்த தந்திகளும் நீண்ட கழுத்தும் உடைய இக்கருவி இசைக்குழுவின் அடித்தளம். வலக்கைக்காரருக்கே பேஸ் கிற்றார் கடையில் ஒன்றிரண்டுதான் தொங்கும். இடக்கைக்குரியது தொங்குவது மழைக்காலத்து நிலவு. பீற்றில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி இடக்கைக்காரர். இளமையிற் கிடைத்த வலக்கைக் கிற்றாரைப் பிடிக்கத் தெரியாமல் தவித்தவர், ஸ்லிம் விற்மன் என்னும் பாடகர் இடக்கையால் வாசிக்கும் படம் ஒன்றைக் கண்டபின்னரே தமக்கும் ஒரு வழி உண்டு என்று தெளிந்தாராம். அவர் 1961ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில், ஏறத்தாழ முப்பது பவுண் விலைக்கு, ஹொஃப்னர் நிறுவனத்தின் பேஸ் கிற்றார் ஒன்றை வாங்கினார். வயலினைப் போன்று இருபுறமும் ஒத்த வடிவம் உடையது அது. இடக்கையிற் பிடித்தாலும் பார்ப்பதற்கு விகாரமாகத் தோன்றாது என்பது அவரைக் கவர்ந்த காரணங்களுள் ஒன்று. 1972ஆம் ஆண்டு களவுபோன அக்கருவி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மறைந்திருந்து மீண்டும் அவர் கையிற் சேர்ந்தது. அச்செய்தி 2024ஆம் ஆண்டு வெளியாயிற்று. இடக்கைக்காரர் தம் கருவியை எளிதில் மறந்துவிடுவதில்லை.

மக்கார்ட்னியின் நோக்கு வன்னிப் பெற்றோருக்கும் பயன்படும். புதிய இடக்கைக் கருவி கிடைக்காதபோது, பழைய வலக்கைக் கருவி ஒன்றைத் திருப்பி அமைப்பதாயின், இருபுறமும் ஒத்த உடலமைப்பு உள்ளதையே தேட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் குடைந்து வெட்டப்பட்ட கருவியைத் திருப்பினால், மேல் மெட்டுகளைத் தொட முயலும் கை மரத்திலே முட்டும்.

ஆனால் வாங்குமுன் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பிள்ளை உண்மையிலேயே இடக்கையால்தான் மீட்ட வேண்டுமா? இடக்கைப் பழக்கம் உடையோர் அனைவரும் இடக்கைக் கிற்றார் வாசிப்பதில்லை. மார்க் நொப்ளர் இடக்கைக்காரர்; வாசிப்பதோ வலக்கைக் கிற்றார். மெட்டுகளை அழுத்தும் கைக்கே வேலை அதிகம், ஆகவே இடக்கைக்காரருக்கு வலக்கைக் கிற்றாரே ஆதாயம் என்று வாதிப்போரும் உளர். வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கலாம். எனினும், தாளத்தை நடத்துவது மீட்டும் கையே. தாளம் எந்தக் கையிற் குடியிருக்கிறதோ அந்தக் கைக்கு மீட்டலை விடுவதே இயல்பு. இதை அறிய ஒரு எளிய வழி உண்டு. வானொலியிலே பாட்டு ஒன்று ஒலிக்கும்போது பிள்ளையின் கையில் ஒரு தும்புத்தடியைக் கொடுத்து, கிற்றார் வாசிப்பதாகப் பாவனை செய்யச் சொல்லுங்கள். எதையும் விளக்க வேண்டாம். எந்தப் பக்கமாகப் பிடிக்கிறது என்று பாருங்கள். சில நாள் கழித்து மீண்டும் பாருங்கள். இரு முறையும் இடக்கையே மீட்டினால் ஐயத்துக்கு இடமில்லை. இரண்டும் கெட்டானாக இருந்தால் வலக்கைக் கருவியிலேயே தொடங்கலாம்; செலவும் அலைச்சலும் மிஞ்சும். கடையில் இடக்கைக் கருவி இல்லை என்பதை மறைப்பதற்காக, வலக்கையே நல்லது என்று பிள்ளைக்குச் சொல்வது மட்டும் நேர்மையன்று.

கற்பிப்பதற்கு இடக்கை மாணவன் தொல்லை என்று அஞ்சும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. வலக்கை ஆசிரியருக்கு எதிரே இடக்கை மாணவன் அமர்ந்தால், கண்ணாடியிற் பார்ப்பது போல ஆசிரியரின் விரல்களை அப்படியே பின்பற்றலாம். மற்ற மாணவர் மனத்துக்குள் திருப்பிப் பார்க்க வேண்டியதை அவன் நேராகவே காண்கின்றான்.

இனி, கருவி எங்கே கிடைக்கும்? வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ இசைக்கருவி விற்கும் கடையில் அது ஆயத்தமாகத் தொங்கும் என்று எதிர்பார்த்துப் போவது வீண். யமஹா, இபானெஸ், பென்டரின் மலிவு வரிசையாகிய ஸ்குவையர் ஆகிய பெயர்களில் இடக்கை மின் கிற்றார்கள் உற்பத்தியாகின்றன. ஆனால் பத்து மாதிரிகள் வலக்கைக்கு இருந்தால் இடக்கைக்கு ஒன்றோ இரண்டோ. நிறமும் கடைக்காரர் தருவதே. மாதிரி இலக்கத்தின் இறுதியில் எல் அல்லது எல்.எச். என்னும் ஆங்கில எழுத்து இடக்கையைக் குறிக்கும். கொழும்பு முகவர் ஒருவரிடம் அந்த இலக்கத்தைச் சொல்லி வரவழைக்கலாம். முற்பணம் கொடுத்தால் பற்றுச்சீட்டில் இடக்கை என்ற சொல்லை எழுதுவித்துக்கொள்வது நன்று. அச்சொல் இல்லாத பற்றுச்சீட்டோடு வலக்கைக் கருவி வந்து சேர்ந்தால் வழக்காட வழியில்லை. 2020ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் நாட்டில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதிகள் பலவாறு கட்டுப்படுத்தப்பட்டன. அக்காலத்திற் பலர் கண்ட வழி வெளிநாட்டு உறவினர்.

வன்னியிலே லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு சித்தப்பாவோ மாமியோ இல்லாத குடும்பங்கள் குறைவு. ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லலாம். இங்கே இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். பென்டர் வகைக் கிற்றார்களிற் கழுத்து நான்கு திருகாணிகளால் உடலோடு பொருத்தப்பட்டிருக்கும். அவற்றைக் கழற்றினால் பெரிய பயணப் பெட்டிக்குள்ளேயே உடைகளுக்கிடையில் வைத்துவிடலாம். கழுத்து உடலோடு ஒட்டப்பட்ட வகையாயின் தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, கடினமான பெட்டியிலே கொண்டுவர வேண்டும். மற்றது ஒலிபெருக்கி. கிற்றாருக்கு வீட்டு மின்சாரம் நேராகத் தேவையில்லை. அதன் ஒலிபெருக்கிக்கே தேவை. இலங்கையின் மின்சாரம் 230 வோல்ற். இங்கிலாந்திலும் அவ்வளவே. கனடாவிலோ 120 வோல்ற். ரொறன்ரோ மாமா அன்போடு கொண்டுவந்த ஒலிபெருக்கியைக் கிளிநொச்சியிற் சொருகினால் ஒரு நொடியில் புகை எழும்பும். கிற்றாரை அங்கிருந்து வரவழைத்து, ஒலிபெருக்கியை இங்கே வாங்குவதே அறிவு. ஒலிபெருக்கிகளில் இடக்கை வலக்கை பேதம் இல்லாதது ஒரு பாக்கியம்.

கருவி கைக்கு வந்தவுடன், கடையிலாயினும் வீட்டிலாயினும், முதலிற் பார்க்க வேண்டியது முன்னே சொன்ன நட் என்னும் துண்டு. வலக்கைக் கருவியைத் திருப்பித் தந்தி கட்டி இடக்கை என்று விற்பவர் உண்டு. பள்ளங்களைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். பின்னர் ஒவ்வொரு தந்தியையும் திறந்த நிலையில் ஒரு முறையும், பன்னிரண்டாம் மெட்டில் அழுத்தி ஒரு முறையும் மீட்டுக. இரண்டாவது ஒலி முதலாவதன் மேல் ஸ்தாயியாக இசைய வேண்டும். இசையாவிடின் குதிரையைச் சரிசெய்ய வேண்டும். ஒலிக் குமிழையும் மெல்லத் திருப்பிப் பார்க்க. வலக்கைக்குரிய குமிழை இடக்கைக் கருவியில் மாறிப் பொருத்தியிருந்தால், ஒலி படிப்படியாக ஏறாது. தொடக்கத்திலேயே திடீரென்று பாய்ந்து, பின் நெடுநேரம் ஏறத்தாழ ஒன்றும் மாறாதிருக்கும். இது பெருங்குறையன்று, வானொலிப் பெட்டி திருத்துபவர் எவரும் சிறு செலவில் மாற்றித் தருவார்.

இதுவரை சொன்னவை இடக்கைப் பழக்கத்தோடு பிறந்தவர்களுக்கு. வன்னியில் இடக்கைக் கிற்றார் தேவைப்படும் வேறொரு சாராரும் உளர். அவர்களைப் பற்றிக் கடைகளோ விலைப்பட்டியல்களோ பேசுவதில்லை.

போரிலும், போர் ஓய்ந்த பின்னர் நிலத்தில் எஞ்சிக் கிடந்த வெடிபொருள்களாலும் கைவிரல்களை இழந்தோர் அங்கே பலர். வலக்கையில் விரல்களை இழந்தவர் சாதாரண வலக்கைக் கிற்றாரையே வாசிக்க முயலலாம். மீட்டுவதற்கு விரல்கள் அனைத்தும் வேண்டியதில்லை. மீட்டும் தகட்டை மணிக்கட்டோடு வார் வைத்துக் கட்டினாலும் தாளம் நடக்கும். இடக்கை விரல்களை இழந்தவருக்கோ, அழுத்தும் கையே போய்விட்டது. அவர் பிறவியில் வலக்கைக்காரராயினும், வலக்கையால் அழுத்தி, எஞ்சிய இடக்கையால் மீட்ட வேண்டும். அதற்கு வேண்டியது இடக்கைக் கிற்றார்.

இது வெறுங் கற்பனையன்று என்பதற்கு இங்கிலாந்தின் டோனி அயோமியின் வாழ்க்கை துணை நிற்கும். அவர் பிறவியிலே இடக்கைக்காரர்; எனவே அழுத்தும் கை வலக்கை. 1965ஆம் ஆண்டு, பதினேழு வயதில், பர்மிங்காமில் ஓர் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் இயந்திரம் அவருடைய வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் ஆகியவற்றின் நுனிகளைத் துண்டித்தது. அன்றே அங்கே அவருக்குக் கடைசி வேலை நாள் என்பது விதியின் வேடிக்கை. மனமுடைந்திருந்தவரிடம், அத்தொழிற்சாலை மேலாளர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். ரைன்ஹார்ட் 1928ஆம் ஆண்டு தீ விபத்தில் இடக்கை கருகி, இரண்டு விரல்களாலேயே மெட்டுகளை ஓடி வாசித்தவர். அதைக் கேட்ட அயோமி, பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் போத்தலை உருக்கி, விரல்நுனிக்குத் தொப்பிகள் செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய தந்திகள் கட்டி மீண்டும் வாசித்தார். பிளாக் சபாத் என்னும் புகழ்பெற்ற குழு அதன் பின்னரே உருவாயிற்று.

அயோமி கூறும் மற்றொரு செய்தியும் சுவையானது. அவர் முதலிலே வலக்கைக் கிற்றார் ஒன்றைத் தலைகீழாக வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள், வலக்கைக்காரராயிருந்தும் இடக்கைக் கிற்றாரைத் தலைகீழாக வைத்து வாசிக்கும் ஒருவரைப் பற்றி அறிந்தார். இருவரும் சந்தித்துக் கருவிகளை மாற்றிக்கொண்டனர். காசு கைமாறவில்லை.

விரல் குறைந்தவர் தொடங்குவதற்குப் பேஸ் கிற்றார் ஏற்றது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பெரும்பாலான பாடல்களில் பேஸ் ஒரு வேளைக்கு ஒரு சுரத்தையே ஒலிக்கும்; ஆறு தந்திகளையும் ஒருங்கே அழுத்தும் வேலை அதில் இல்லை. இரண்டு விரல்கள் நலமாயிருந்தாற் போதும். கழுத்து நீளமானதால் கை ஓடும் தூரம் கூடும்; தோளில் தொங்கும் பாரமும் அதிகம். ஆகவே ஹொஃப்னர் போன்ற குறுங்கழுத்து வகை கிடைத்தால் நன்று. சில பேஸ் கிற்றார்களினுள்ளே ஒன்பது வோல்ற் பற்றறி ஒன்று வேண்டும். பற்றறி தீர்ந்தால் ஒலி மங்கும். கருவி பழுதென்று நினைத்துக் கொழும்புக்கு அனுப்பிவிடாதீர்கள்.

அத்தகைய ஒருவருக்காகக் கொழும்புக் கடையைத் தொலைபேசியில் அழைப்பவர், இடக்கைக் கிற்றார் என்றே கேட்க வேண்டும். வாசிப்பவர் இடக்கைக்காரரா என்று கடைக்காரர் கேட்டால், இல்லை என்று சொல்லி, மாதிரி இலக்கத்தின் இறுதி எழுத்தை மட்டும் மறவாமல் மீண்டும் ஒரு முறை சொல்ல வேண்டும்.